பரிசுத்தர் நம் நடுவில்

(யூபிலி ஆயத்தத் தியானத்தின் முதல் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலிப் பெருவிழாவுக்கு நம் பங்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று. பீடம் புதுப்பொலிவு பெற்றுவிட்டது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. பிழைப்புக்காக வெளியூர் சென்ற நம் மக்கள் விழாவுக்கு வருவதாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவையெல்லாம் நல்லவை, தேவையானவை. ஆனால் 'பரிசுத்த ஆலயம்' என்று நாம் வாய் நிறையச் சொல்லுகிறோமே, அந்தப் பெயர் இந்தக் கட்டடத்துக்கு எப்படி வந்தது? கல்லும் சுண்ணாம்பும் அதைத் தரவில்லை. இதில் எழுந்தருளியிருப்பவர் பரிசுத்தர். அதனால் அவருடைய வீடும் பரிசுத்தமாயிற்று. ஆகவே விழாக் காரியங்களைப் பேசுமுன் அவரைப் பற்றிப் பேசுவதே முறை.

இரண்டு கேள்விகளை இன்று சிந்திப்போம். கடவுள் பரிசுத்தர் என்றால் பொருள் என்ன? அவர் பரிசுத்தராயிருப்பதால் நம் வயலிலும் கடையிலும் தெருவிலும் மாற வேண்டியது என்ன?

பரிசுத்தம் என்னும் சொல்

பழைய ஞானோபதேசத்தில் சர்வேசுரனுடைய இலட்சணங்கள் ஆறு என்று நம் பெரியோர் மனப்பாடம் செய்தார்கள். அவர் தாமாயிருக்கிறவர், ஆதியும் அந்தமும் அற்றவர் என்று அந்த வரிசை செல்லும். பரிசுத்தம் என்னும் சொல் அந்த ஆறில் தனியாக வரவில்லை. ஆனால் ஆறுக்கும் அடித்தளம் அதுவே. படைக்கப்பட்ட எதைப் போலவும் அவர் இல்லை. நாம் அவரால் இருக்கிறோம். அவரோ எவராலும் அன்றித் தாமாகவே இருக்கிறார்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இதற்கு 'கதோஷ்' என்று சொல்லுவார்கள். வேறாக இருப்பது, தனித்து வைக்கப்பட்டது என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியிருக்கிறது என்று மறைநூல் அறிஞர் விளக்குவர். எரியும் முட்செடியின் அருகே மோயீசன் மிதியடியைக் கழற்ற வேண்டியிருந்தது. சீனாய் மலையைச் சுற்றி எல்லை குறிக்கப்பட்டது. மக்கள் அதைத் தாண்டக் கூடாது. எருசலேம் தேவாலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள் தலைமைக் குரு ஒருவர் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை பாவப் பரிகார நாளில் மட்டுமே, நுழைந்தார். நம் முன்னோரும் இதை உணர்ந்திருந்தார்கள். செருப்பை வாசலிலே விட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கோவிலுக்குள் கால் வைத்தார்கள். அவர்களுக்கு எழுத்தறிவு குறைவாக இருந்திருக்கலாம். கடவுள் கடவுள்தான், மனிதன் மனிதன்தான் என்னும் தெளிவு அவர்களிடம் குறையவில்லை.

இந்த பயபக்தி நம்மிடம் மங்கக் கூடாது. கடவுளை நம் கைக்கு அடக்கமான ஒரு பொருளாக, நேர்த்திக்கடனுக்கு விடையளிக்கும் ஓர் ஏற்பாடாக எண்ணத் தொடங்கினால், நாம் கும்பிடுவது கடவுளை அல்ல, நம் ஆசையைத்தான்.

இரு மனிதர், ஓர் ஆலயம்

பயபக்தி மட்டும் போதுமா? இதற்கு விடை காண ஒரே தேவாலயத்துக்குள் நுழைந்த இருவரைப் பார்ப்போம்.

முதலாமவர் யூதாவின் அரசர் ஓசியாஸ். இன்றைய பொது மொழிபெயர்ப்பில் அவர் பெயர் உசியா. பதினாறு வயதில் அரியணை ஏறி 52 ஆண்டுகள் ஆண்டவர். எருசலேமில் கோபுரங்கள் எழுப்பினார், பாலைநிலத்தில் கிணறுகள் வெட்டினார், வேளாண்மையை நேசித்தார். குறிப்பேடுகள் இரண்டாம் நூல் இவற்றையெல்லாம் பாராட்டிச் சொல்லுகிறது. ஆனால் வலிமை பெருகியபோது செருக்கும் பெருகியது. குருக்களுக்கே உரிய தூபப் பீடத்தில் தாமே தூபம் காட்டப் புகுந்தார். குருக்கள் எண்பது பேர் எதிரே நின்று தடுத்தார்கள். அரசர் தூபக் கலசத்தைக் கையில் பிடித்தபடி சினந்தார். அந்த நேரமே அவர் நெற்றியில் தொழுநோய் தோன்றிற்று. சாகும்வரை தனி வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். மகன் நாட்டைக் கவனித்துக்கொண்டார்.

இரண்டாமவர் இறைவாக்கினர் இசையாஸ். இன்று எசாயா என்று வாசிக்கிறோம். அந்த அரசர் இறந்த ஆண்டிலேயே, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 740 ஆண்டுகளுக்கு முன், அவர் ஒரு காட்சி காண்கிறார். ஆண்டவர் உயர்ந்த அரியணையில் வீற்றிருக்கிறார். அவருடைய ஆடையின் தொங்கலே ஆலயத்தை நிரப்புகிறது. சேராபீன்கள் ஆறு சிறகு உடையவர்கள். இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடிக்கொண்டு, இரண்டால் பறந்தபடி, கடவுள் பரிசுத்தர் என்று மும்முறை முழங்குகிறார்கள். நிலைக்கால்கள் அதிர்கின்றன; ஆலயத்தில் புகை சூழ்கிறது.

ஏன் மும்முறை? எபிரேய மொழியில் ஒன்றைச் சிறப்பித்துச் சொல்ல அதையே திருப்பிச் சொல்லுவது வழக்கம். மும்முறை சொன்னால் அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று பொருள். திருச்சபைத் தந்தையர் இதில் மூவொரு கடவுளின் சாயலையும் கண்டார்கள்.

அப்போது இசையாஸ் என்ன சொன்னார்? தாம் அழிந்ததாகக் கதறினார். தம் உதடுகள் அசுத்தமானவை என்றும், அசுத்த உதடுள்ள மக்கள் நடுவே தாம் வாழ்வதாகவும் அறிக்கையிட்டார். அப்படிச் சொன்னவரை ஆண்டவர் விரட்டவில்லை. சேராபீன் ஒருவர் பீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத் தணலை எடுத்து வந்து அவர் உதட்டைத் தொட்டார். பாவம் நீங்கிற்று. அடுத்த கணமே, யாரை அனுப்புவது என்று ஆண்டவர் கேட்கிறார். இசையாஸ் தம்மை அனுப்பும்படி முன்வருகிறார்.

சகோதரரே, கவனியுங்கள். தூபக் கலசத்தோடு உரிமை கொண்டாடி நுழைந்தவர் தொழுநோயோடு வெளியேறினார். தகுதியில்லை என்று நடுங்கியவர் தூய்மை பெற்றுத் தூதராக வெளியேறினார். கடவுளின் பரிசுத்தம் நெருப்பு. செருக்கோடு வருகிறவனை அது சுடும். தாழ்ச்சியோடு வருகிறவனைப் புடமிடும். விழா நாட்களில் முன்வரிசை யாருக்கு, முதல் மாலை யாருக்கு என்று மனம் அலைபாயும்போது, ஓசியாஸ் அரசரின் நெற்றியை நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

நீதியில் விளங்கும் பரிசுத்தம்

அந்தக் காட்சிக்கு முந்திய அதிகாரங்களையும் வாசிக்க வேண்டும். முதல் அதிகாரத்தில் கடவுள், மக்களின் பலிகளும் தூபமும் திருவிழாக்களும் தமக்குப் பாரமாகிவிட்டன என்கிறார். காரணம், அவர்களுடைய கைகளில் இரத்தக்கறை. அநாதைக்கும் விதவைக்கும் அவர்கள் நியாயம் செய்யவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில், வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் வளைத்துச் சேர்ப்பவர்களுக்கு ஐயோ கேடு என்று இறைவாக்கினர் எச்சரிக்கிறார். அந்த இடத்திலேதான், பரிசுத்தராகிய கடவுள் தம் பரிசுத்தத்தை நீதியினால் விளங்கச் செய்கிறார் என்கிறார். தூபப் புகையில் மட்டும் அவர் பரிசுத்தம் தெரிவதில்லை. ஏழையின் வழக்கு நேராகத் தீரும் இடத்திலும் அது தெரிகிறது.

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் இதை இன்னும் நுட்பமாக விவரிக்கிறது. கடவுள் பரிசுத்தராயிருப்பதால் அவருடைய மக்களும் பரிசுத்தராயிருக்க வேண்டும் என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. அதன் பின் நெடிய செபங்களையும் கடும் தவங்களையும் பற்றிய விளக்கம் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது என்ன?

தாய் தந்தைக்கு அஞ்சி நட. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடை வைக்காதே. தீர்ப்பில் ஏழைக்கென்றும் செல்வனுக்கென்றும் முகம் பார்க்காதே. புறங்கூறித் திரியாதே. நரைத்த தலைக்குமுன் எழுந்து நில். உன்னோடு தங்கும் அந்நியனை உன் சொந்த நாட்டானைப்போல நடத்து. தராசும் எடைக்கல்லும் படியும் சரியாயிருக்கட்டும். நம் ஆண்டவர் பெரிய கட்டளைகளில் ஒன்றாக எடுத்துச் சொன்ன பிறரன்புக் கட்டளையும் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், தாமே ஆண்டவர் என்று கடவுள் முத்திரை வைக்கிறார்.

பார்த்தீர்களா? மோயீசன் மிதியடியைக் கழற்றிய புனித நிலம் மலைமேல் மட்டும் இல்லை. கூலி கொடுக்கும் களத்துமேடும் புனித நிலம். எடைக்கல் வைக்கும் கடைப்பலகையும் புனித நிலம். அங்கே தவறு செய்கிறவன் வியாபார ஒழுங்கை மட்டும் மீறவில்லை. பரிசுத்தராகிய கடவுளின் எல்லையைத் தாண்டுகிறான்.

தீட்டை வென்ற கரம்

ஆகாய் இறைவாக்கினர் ஒருமுறை குருக்களிடம் ஒரு சட்டக் கேள்வி கேட்டார். அர்ச்சித்த இறைச்சியை மடியில் கொண்டுபோகும் ஒருவனின் ஆடை வேறு உணவில் பட்டால், அந்த உணவு பரிசுத்தமாகுமா? ஆகாது என்றார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டவன் தொட்டால் அந்த உணவு தீட்டாகுமா? ஆகும் என்றார்கள். தீட்டு பரவும், பரிசுத்தம் பரவாது என்பது பழைய சட்டத்தின் அறிவு.

நம் ஆண்டவர் வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. தொழுநோயாளி ஒருவன் முழந்தாளிட்டு மன்றாடுகிறான். சொல்லாலேயே அவனைக் குணமாக்க வல்லவர், கையை நீட்டி அவனைத் தொட்டார். தீட்டு அவர்மேல் ஏறவில்லை. தூய்மை அவனுக்குள் இறங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தில் மறைந்து வந்து அவர் ஆடையைத் தொட்டாள். அவரிடமிருந்து வல்லமை வெளிப்பட்டது. வலை கிழிய மீன் பட்ட நாளில், பாவியாகிய தம்மை விட்டு அகலும்படி இராயப்பர் காலில் விழுந்தார். ஆண்டவர் அகலவில்லை, அஞ்சவேண்டாம் என்று தேற்றி, மனிதரைப் பிடிக்க அழைத்துக்கொண்டார். இசையாசுக்கு நடந்தது கெனெசரேத்து ஏரிக்கரையிலும் நடந்தது.

முடிவில் கல்வாரியில் அவர் உயிர் துறந்த வேளையில் தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. மகா பரிசுத்த இடத்தை மறைத்த தடை நீங்கிற்று. கிழித்தது மனிதக் கை அன்று; மேலிருந்தே கிழிந்தது.

ஓசே இறைவாக்கினர் நூலில் அரிய கருத்து ஒன்று உண்டு. துரோகம் செய்த மக்களைக் கடவுள் அழித்துவிடுவதில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம், தாம் மனிதர் அல்லர், கடவுள் என்பதும், மக்கள் நடுவில் இருக்கும் பரிசுத்தர் என்பதுமே. வஞ்சம் வைப்பது மனித இயல்பு. மன்னிப்பதில்தான் அவர் நம்மிலும் முற்றிலும் வேறானவர்.

இந்தப் பரிசுத்தர் நற்கருணையில் நம் நாவைத் தொடுகிறார். இசையாஸின் உதட்டில் பட்ட தணல் நற்கருணைக்கு முன்னடையாளம் என்று புனித எபிரேம், புனித தமாஸ்கு அருளப்பர் போன்ற தந்தையர் போதித்தார்கள். பிசான்சிய வழிபாட்டு முறையில் இன்றும் நன்மை வழங்கியபின் அந்தச் சேராபீனின் சொற்களைக் குரு நினைவுகூருகிறார். தணலை சேராபீன் குறட்டால் எடுத்தார். நாமோ கையிலும் நாவிலும் பெறுகிறோம். தணல் பட்ட நாவு அயலான் பெயரைக் கெடுக்கலாமா?

ஒரே ஊரின் இரு பாடங்கள்

கடவுளின் பரிசுத்தத்தைச் சரியாகப் புரிந்ததற்கும் தவறாகப் புரிந்ததற்கும் நம் தென்பாண்டி நாட்டிலேயே ஓர் ஊர் சாட்சியாக நிற்கிறது. அது வடக்கன்குளம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டன், 1745-இல் அவ்வூரில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது. ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொண்டபின், தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்ட மக்களோடு வேற்றுமையின்றிப் பழகினார். 1749-இல் சிறைப்பட்டார். பல துன்பங்களுக்குப் பின் 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத நம்மைப் போன்ற பொதுநிலையினரில், இந்தியாவின் முதல் புனிதர் அவரே.

அதே ஊரில் 1872-இல் ஒரு பெரிய கோவில் எழுந்தது. அதன் அமைப்பு கவைபோல் பிரிந்தது. இரு கூடங்கள் தனித்தனியே வந்து பீடத்தருகில் கூடும். ஒரு கூடத்தில் ஒரு சாதியார், மறு கூடத்தில் மற்றவர். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தாரையும் காண்பார். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிவுச்சுவர் அகற்றப்பட்டது. உடனே வழக்கு எழுந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோவிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று.

பழங்கதைக்காக இதைச் சொல்லவில்லை. சுவர் கேட்டவர்களும் கடவுள் பரிசுத்தர் என்று நம்பியவர்களே. அவர்களும் பக்தியோடு பாடியவர்களே. பரிசுத்தம் என்றால் ஒதுங்கியிருப்பது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தங்களையே ஒதுக்கி உயர்த்திக்கொண்டார்கள். வேறானவர் கடவுள் ஒருவரே. அவருக்கு முன்னால் மனிதர் அனைவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறோம். மனிதருக்கும் மனிதருக்கும் இடையே தீட்டுச் சுவர் எழுப்புகிறவர், கடவுளுக்கு மட்டும் உரிய இடத்தைத் தமக்கு எடுத்துக்கொள்கிறார். அது ஓசியாஸ் அரசரின் பாவம். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சுவர் பிரித்து வைத்திருக்கிறது. உயிர்ப்பின் நாளில் அந்தச் சுவரை ஆண்டவர் என்ன செய்வார்?

நம் யூபிலியும் நம் கடமையும்

ஆண்டவர் கற்பித்த செபத்தில் முதல் மன்றாட்டு, தந்தையின் நாமம் பரிசுத்தம் எனப் போற்றப்பட வேண்டும் என்பது. அன்றாட உணவைக் கேட்குமுன் இதைக் கேட்கிறோம். நாம் வேண்டினால்தான் அவர் பரிசுத்தராவாரா? இல்லை. எசேக்கியேல் இறைவாக்கினர் வாயிலாகக் கடவுள் முறையிடுகிறார்: தம் மக்கள் சென்ற இடமெல்லாம், அவர்களைப் பார்த்த பிற இனத்தார் நடுவில் தம் நாமம் இழிவடைந்தது என்று. நம் தெருவில் வாழும் பிற சமயத்தார் இசையாஸின் நூலை வாசிக்கமாட்டார்கள். நம் படியையும் தராசையும் வாசிப்பார்கள். நாம் கூலி கொடுக்கும் நேரத்தை வாசிப்பார்கள். அதிலிருந்து நம் கடவுள் எப்படிப்பட்டவர் என்று முடிவு செய்வார்கள்.

இது குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரிய காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டின் ஐந்தாம் அதிகாரம், எந்த நிலையில் இருப்பவரும் பரிசுத்தத்துக்கு அழைக்கப்பட்டவர் என்று தெளிவாகப் போதிக்கிறது. கலப்பை பிடிப்பவருக்கும், அடுப்படியில் வேகும் தாய்க்கும், அலுவலகத்தில் கையெழுத்திடுபவருக்கும் அந்த அழைப்பு ஒன்றே.

ஆகவே யூபிலிக்கு முன் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, உதட்டைத் தூய்மையாக்குவோம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வோம். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி வீட்டுப் படியை விழாவுக்கு முன் ஏறுவோம். இரண்டாவது, கணக்கைத் தூய்மையாக்குவோம். கொடுக்க வேண்டிய கூலி, திருப்ப வேண்டிய கடன், விதவையிடம் வளைத்த வரப்பு எதுவாயினும் கொடியேற்றத்துக்கு முன் நேராக்குவோம். காணிக்கைப் பெட்டியில் போடும் பணத்தைவிட, உரியவன் கையில் சேரும் கூலி ஆண்டவருக்கு நறுமணத் தூபம். மூன்றாவது, இடத்தைத் தூய்மையாக்குவோம். தேர் வடத்தில் எல்லாக் கைகளும் படட்டும். அசனப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் அமரட்டும். எல்லாத் தெருக்களிலும் தேர் செல்லட்டும்.

விழாப் பூசையில் வானதூதரோடு சேர்ந்து கடவுளை மும்முறை பரிசுத்தர் என்று பாடுவோம். சேராபீன்கள் முகத்தை மூடிக்கொண்டு பாடினார்கள். நமக்கோ அவர் தம் திருமகனின் முகத்தையே காட்டியிருக்கிறார். அந்த முகத்தைப் பக்கத்தில் நிற்கும் ஏழையிடமும் அந்நியனிடமும் கண்டு பாடினால், நம் பாட்டு விண்ணகப் பாட்டோடு ஒன்றாகும். வெள்ளையடித்த இந்தச் சுவர்களுக்குள் வாழும் மக்களும் பரிசுத்த ஆலயமாவார்கள்.

நம் நடுவில் இருக்கும் பரிசுத்தர், நம்மையும் நம் குடும்பங்களையும், இப்பங்கை எழுப்பி இறைவனில் துயில்கொள்ளும் நம் முன்னோரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.